மஞ்சள் தாளில் காற்றுக்கு மதிப்பெண்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். படம் என்றால் பூவும் மயிலும் இல்லை. கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, கூரைச் சட்டத்தை எங்கே நிறுத்துவது என்கிற மாதிரிப் படம். எண்ணெய் விலை ஏறி, கரண்ட் பில்லைப் பார்த்து மேலிடம் விழித்துக்கொண்ட காலம் அது. பழைய பொதுக் கட்டடங்களைப் பழுது பார்த்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாமா, இல்லை மூடிவிடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு அனுப்பச் சொன்னார்கள். இன்றைக்குப் பசுமைக் கட்டடம் என்கிறார்கள், கரிமம் என்கிறார்கள், ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோல் நட்சத்திரமெல்லாம் கொடுக்கிறார்கள். அப்போது எங்களுக்கு அந்த வார்த்தை எதுவும் தெரியாது. எங்களிடம் இருந்தவை இரண்டு தாள்கள், ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்.

வெள்ளைத் தாள் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அதை எழுதிய ஊரில் பனி பெய்யும் போலிருக்கிறது. ஜன்னல் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது, கதவிடுக்கில் காற்று நுழைகிறதா, கூரைக்கு அடியில் எவ்வளவு கனத்துக்குத் தடுப்பு இருக்கிறது, வெந்நீர்க் குழாய்க்கு உறை போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். உள்ளே இருக்கிற சூடு வெளியே ஓடிவிடக் கூடாதாம். ஈப்போ மத்தியான வெயிலில், நெற்றி வியர்வை தாளில் சொட்டச் சொட்ட அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து மேசைக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

மஞ்சள் தாள் எங்கள் இன்ஜினியர் தயாரித்தது. அவர் காம்பாரில் பிறந்து வளர்ந்த சீனர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தும். வெள்ளைத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கட்டடத்துக்குக் கம்பளி போர்த்துகிற தாள் என்று சொல்லி, நம்ம ஊருக்கு என்று தானே ஒன்று எழுதினார். கூரை எவ்வளவு தூரம் வெளியே இறங்கியிருக்கிறது, சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, பகலில் விளக்குப் போடாமல் எழுத முடிகிறதா, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகிறதா என்று அது கேட்கும். காற்றுக்குத்தான் அதிக மதிப்பெண். அதையும் நாமே பார்த்துப் போட்டுவிடக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார். நாம் போகிற நேரத்தில் காற்று வரலாம், வராமலும் போகலாம். அங்கேயே புழங்குகிறவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். நல்ல விதிதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விதிதான் எங்களை நன்றாக மாட்டிவிட்டது.

இரண்டு தாளிலும் பாதிக்குக் கீழே விழுகிற கட்டடத்துக்குச் செலவு செய்ய வேண்டாம், மூடிவிடலாம் என்பது மேலிடத்து உத்தரவு. அப்படி மதிப்பெண் போடவேண்டிய கட்டடங்களில் ஒன்று சுங்கை சிப்புட் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருந்த பலகை ஆஸ்பத்திரி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அரசாங்கம் அதை எடுத்து கிளினிக் ஆக்கியிருந்தது. முன்னால் மருந்து கொடுக்கிற கூடம், பின்னால் பிரசவ அறை. ஒரு மிஸ்ஸி அங்கேயே தங்கியிருந்தார். எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் சொல்வோம்.

அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில்தான், என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாங்கள் தோட்டத்தை விட்டு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து டவுன்காரர்கள் ஆகிவிட்டோம், அவள் மட்டும் கல்யாணம் கட்டித் திரும்பவும் பால்மரத்துக்கு நடுவே போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். அது இரண்டாவது பிள்ளை.

முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தச் சமயம் தோட்டம் கைமாறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. வலி எடுத்தவளை ஒரு லாரியில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். செம்மண் ரோடு முடிந்து தார் ரோடு வருவதற்குள் லாரியிலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லை. ஆஸ்பத்திரி பூட்டியிருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு உச்சி வெயிலில் பால்மரக்காட்டைத் தாண்டிப் போனாள், காத்து அடித்துவிட்டது என்று பேசினார்கள். மனிதர்கள் பூட்டிய பூட்டுக்குக் காத்து கருப்பின் மேல் பழி. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அக்கா அதை நம்பிவிட்டாள் என்பதுதான் அதைவிடக் கொடுமை. அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை.

அதனால் அந்தக் கிளினிக் அவளுக்கு வெறும் கட்டடம் இல்லை. அதை மூடினால் இந்தப் பிள்ளைக்கும் அதே ரோடுதான்.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கட்டடத்துக்கும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒரு மலாய் டெக்னிசியன். நான் அவரை அபாங் என்று கூப்பிடுவேன், மலாயில் அண்ணன். பாகான் செராய்க்காரர், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடித் தமிழ் கற்றுக்கொண்டவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தோட்டத்து ஆள் பேசுவது மாதிரியே இருக்கும். அதில் அவருக்குப் பெருமை, எனக்கும் பெருமை. இந்தியர்கள் புழங்குகிற கட்டடம் என்றால் அவரைத்தான் அனுப்புவார்கள்.

கிளினிக்குக்குப் போய்வந்து அவர் கொடுத்த தாள்களைக் கூட்ட வேண்டியது என் வேலை. வெள்ளைத் தாளில் அது தோற்கும் என்று எனக்குத் தெரியும். பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடைவெளி, அதில் என்னத்தை இறுக்கி மூடுவது? மஞ்சள் தாளில் பிழைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். நீளமாக இறங்கிய கூரை, நிழலுக்கு மரம், இரண்டு பக்கமும் ஜன்னல். காற்று என்ற இடத்துக்கு வந்தேன். சைபர் போட்டிருந்தது.

"அபாங், என்னா இது? அங்க காத்து இல்லன்னு யாரு சொன்னா?"

"அங்க உள்ள பொம்பளைங்கதான் சொன்னாங்க. ஒருத்தர் இல்ல, எல்லாருமே. காத்து இருக்கான்னு கேட்டேன். இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்றாங்க. நான் என்னா செய்யறது?"

"நானே அங்க படுத்துத் தூங்கியிருக்கேன் லா. காத்து பிச்சிக்கிட்டுப் போகும்."

"கேட்டுத்தான் எழுதணும்னு ரூல் இருக்கே தங்கச்சி."

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது அலுவலகம் அறிந்த விஷயம். தாள்களைத் தூக்கிக்கொண்டு நேரே இன்ஜினியர் அறைக்குப் போனேன். சைபர் தப்பு, திருத்த வேண்டும் என்றேன். அவர் நிதானமாக, அந்த இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கா அங்கேதான் இருக்கிறாள், அங்கேதான் பிரசவம் பார்க்கப் போகிறாள் என்று சொன்னேன். சொன்ன உடனே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று. அவர் என் கையிலிருந்த தாள்களை வாங்கித் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். உன் அக்கா படுக்கப்போகிற அறைக்கு நீ மதிப்பெண் போடக் கூடாது என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

இருந்தாலும் மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தானே போய்ப் பார்க்கிறேன், அபாங் கேட்கட்டும், நீ வேண்டுமானால் வண்டியில் வரலாம், ஆனால் அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்றார். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதைவிடப் பட்டினி கிடப்பது சுலபம். சரி என்று தலையாட்டினேன்.

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிற நாளாகப் பார்த்துப் போனோம். முன்கூடத்துப் பெஞ்சியில் லயத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள், பிறகு என் கூட வந்த பெரிய மனிதரைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கட்டடத்துக்கு மார்க் போடுகிறார்கள், குறைந்தால் மூடிவிடுவார்கள் என்று அவளுக்கு ஏற்கனவே சொல்லியிருந்தேன்.

இன்ஜினியர் நேராகப் பிரசவ அறைக்குள் போனார். அங்கே பிள்ளை பெற்ற இரண்டு பேர் தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. சாத்தினது போதாதென்று பலகை இடுக்குகளில் பழைய கைலித் துணியைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். மேலே துத்தநாகக் கூரை தகித்தது. அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். சைபர் போட்டது சரிதானே என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கு நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு கூடத்துக்கு வந்து, கேட்கச் சொல்லி அபாங்குக்குச் சைகை காட்டினார். அபாங் பெஞ்சியில் முதலில் இருந்த ஓர் அம்மாளைப் பார்த்து, இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்.

"அக்கா, இந்தக் கட்டடத்துல காத்து இருக்கா, இல்லையா?"

அந்த அம்மாள் சட்டென்று என் அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றார்.

"கொஞ்சங்கூட இல்லையா?"

"அறவே இல்ல. போன ஆடியிலதான் பூச போட்டு எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டோம். சுத்தமா இருக்கு."

"பூசையா? காத்துக்கு எதுக்குக்கா பூச?" என்று அபாங் குழம்பினார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அபாங் கேட்டது மரத்தை ஆட்டுகிற காற்று. அவர்கள் பதில் சொன்னது ஆளை அடிக்கிற காத்து. அவருடைய தமிழில் முதல் காற்று மட்டும்தான் இருந்தது. பந்து விளையாடுகிற இடத்தில் இரண்டாவதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

அதோடு இன்னொன்றும் புரிந்தது. அடுத்தடுத்து அபாங் கேட்டவர்கள் எல்லாரும் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் என் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருந்தேன், ஏன் என்று யோசித்ததில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து பேசுகிற பெண்கள், காற்று வீசினால் சிலுசிலுங்குது என்பார்கள், கொடித்துணி பறந்தால் துணி ஆடுது என்பார்கள். காத்து என்ற சொல்லை அவள் காதில் விழ யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு ஊர்வாய் என்னத்தையோ பேசிவிட்டது, பிறகு ஒரு லயமே சேர்ந்து அந்தச் சொல்லை அவளுக்காக விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது அரசாங்கத்து ஆள் வந்து, அவள் பிள்ளை பெறப்போகிற கட்டடத்தில் அது இருக்கிறதா என்று அவள் எதிரிலேயே கேட்கிறார். இருக்கு என்று யாருக்காவது வாய் வருமா? அவளைக் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் இல்லை என்றார்கள். அந்த இல்லைதான் கட்டடத்துக்கு சைபர் வாங்கிக் கொடுத்தது.

சொல்லியிருப்பேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அக்கா எழுந்து நின்றாள், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

"அண்ணே, நீங்க கேக்கறது வெளிக்காத்துதானே? மரம் ஆடுமே, அது?"

"ஆமா லா. அதேதான்."

பக்கத்திலிருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏன் புள்ள, அந்தப் பேச்சு இப்ப உனக்கெதுக்கு? உக்காரு."

"பரவால்லக்கா. அவரு கேக்கறது வேற." அக்கா அந்தக் கையை மெல்ல விலக்கினாள். "காத்து இருக்கு அண்ணே. நெறைய இருக்கு. அந்தப் பக்கம் ஜன்னலத் தெறந்தா இந்தப் பக்கம் வந்துரும். பிள்ள பெத்தவங்க மேல படக்கூடாதுன்னு நாங்கதான் சாத்தி வெச்சிருக்கோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவும் சாத்தியிருந்தது.

அபாங் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாசோக் ஆங்கின்" என்று இன்ஜினியருக்கு மலாயில் விளக்க ஆரம்பித்தார். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பில் காற்று நுழைந்துவிடும் என்கிற பயம் இன்ஜினியர் வீட்டிலும் உண்டு. தன் மனைவி பிள்ளை பெற்று ஒரு மாதம் ஜன்னலைத் திறக்கவிடவில்லை, தலைகூடக் குளிக்கவில்லை, தான் மட்டும் வெளிக்கூடத்தில் படுத்துப் பிழைத்தேன் என்று இன்ஜினியர் சொன்னார். அவர் தன் வீட்டுக் கதை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று இனத்துக்கும் பிள்ளை பெற்றவள் விஷயத்தில் ஒரே பயம்தான் என்று தெரிந்து மிஸ்ஸிகூடச் சிரித்தார்.

இன்ஜினியர் மிஸ்ஸியிடம் அனுமதி கேட்டு, படுத்திருந்தவர்களைப் போர்த்தச் சொல்லிவிட்டு, எதிரெதிரே இரண்டு ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறக்கச் சொன்னார். என் பையிலிருந்த வரைபடத் தாளில் ஒரு துண்டு கிழித்து அறை நடுவே பிடித்தார். அது படபடவென்று அடித்துக்கொண்டது. மிஸ்ஸி போதும் போதும் என்று சத்தம் போட்டு எல்லாவற்றையும் சாத்திவிட்டார்.

திரும்பி வரும் வழியில் வண்டியில் அபாங் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"சின்னப் பிள்ளையிலேர்ந்து பேசறேன். இது தெரியாமப் போச்சே" என்றார்.

"எங்க அப்பாகூட அந்த எடத்துல அப்பிடித்தான் கேட்டிருப்பாரு, விடுங்க அபாங்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மஞ்சள் தாளில் காற்றுக்கான மதிப்பெண்ணை இன்ஜினியர் தன் கையாலேயே மாற்றிப் போட்டார். முழுசாகக் கொடுக்கவில்லை. காற்று இருந்து என்ன, அந்த அறையில் படுப்பவர்கள் அதைச் சாத்தித்தானே வைக்கப்போகிறார்கள் என்றார். பிள்ளை பெற்றவளிடம் போய் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஜன்னலைத் திற என்று எந்தத் தாளும் சொல்ல முடியாது. அதனால் மஞ்சள் தாளில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தார்: படுத்திருப்பவரின் உடம்பில் படாமல், தலைக்கு மேலே காற்று போக வழி இருக்கிறதா? வெள்ளைத் தாளையும் அவர் தூக்கி எறியவில்லை. அதில் கூரைத் தடுப்பைப் பற்றிய கேள்வி மட்டும் நம்ம ஊருக்கும் பொருந்தும், சூடு எந்தப் பக்கம் போனால் என்ன, தடுப்பு தடுப்புதான் என்றார். கம்பளி என்று கேலி செய்தவர் அவர்தான். நான் அதை நினைவுபடுத்தினேன், அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

மதிப்பெண் மாறி வந்ததும் பழுது பார்க்க உத்தரவு வந்தது. மதிப்பெண் போடத்தான் எனக்குத் தடை, படம் போடத் தடை இல்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே நீளமாகச் சரிந்த சட்டங்கள் வைத்துத் திறப்பு, துத்தநாகத்துக்கு அடியில் பலகைத் தடுப்பு, வெளிச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. குளிர்சாதனம் கிடையாது, புது மின்விசிறிகூட கிடையாது. அந்தப் படத்தை வரைந்த மாதிரி வேறு எதையும் நான் பார்த்துப் பார்த்து வரைந்ததில்லை. ஒவ்வொரு சட்டமும் எந்தச் சாய்வில் நின்றால் காற்று கட்டில் பக்கம் இறங்காது என்று என் படுக்கைக்கு மேலே அட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். வீட்டில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக நினைத்தார்கள்.

வேலை முடிந்து சுண்ணாம்பு வாசம் போவதற்குள் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. லயத்திலிருந்து கிளினிக்குக்கு மாமா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாளாம். ஆண் குழந்தை, பிறந்ததும் ஊரைக் கூட்டி அழுதானாம். மறுநாள் காலையில் பூண்டுக் குழம்பும் கருவாடும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன்.

பிரசவ அறையில் ஜன்னல்கள் வழக்கம்போல் சாத்தியிருந்தன. ஆனால் உள்ளே புழுக்கம் இல்லை. மேலே கூரையோரம் வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்தது. அக்கா தலையில் துணி கட்டிப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சூடான கால். அப்போது அவனைச் சுற்றியிருந்த துணியின் நுனி மெல்ல அசைந்தது. அண்ணாந்து பார்த்தால், கட்டிலுக்கு நேர் மேலே ஒரு சட்டத்தைத் தச்சர் நான் போட்ட சாய்வுக்குக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துவிட்டார். காற்று கட்டில்மேல் இறங்குகிறது.

எனக்குப் பதறிவிட்டது. அக்கா கண்ணில் படுவதற்குள் அடைத்துவிடலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினேன்.

"என்னாடி பண்றே?"

அந்தச் சொல்லை நானும் அவள் எதிரில் சொல்லிப் பழகியிருக்கவில்லை. "சிலுசிலுன்னு வருது, அதான்" என்றேன்.

அக்கா மேலே பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடி லேசாகப் பறந்துகொண்டிருந்தது, அவன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் தன் தலைத்துணியை மட்டும் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காத்துதானே" என்றாள். "விடு, வரட்டும்."